ஏறத் தெரிந்த காலுக்கு எழத் தெரியுமா? மலையில் வயதாகிறவர்கள் கால் பலத்தை வீட்டிலேயே அளக்க ஒரு வழிகாட்டி

கொடைக்கானலில் அறுபதைத் தாண்டிய யாரிடமாவது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "மலையில பொறந்து வளர்ந்த காலுக்கு என்ன கேடு?" என்றுதான் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய கிழங்கையும் கேரட்டையும் பையில் போட்டு, மூஞ்சிக்கல் பக்கத்து மேட்டில் நிற்காமல் ஏறிப் போகிறவர்களிடம் தொடையில் பலம் குறைந்திருக்கிறதா என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மேடு ஏறுவதற்கு உடம்பு ஏகப்பட்ட உபாயம் வைத்திருக்கும். கம்பியைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம், முன்னால் குனிந்து முட்டியில் கையை ஊன்றலாம், பாதி வழியில் தெரிந்தவர் வீட்டு வாசலில் நின்று ஊர்க்கதை பேசலாம், குறுக்குப் படியை விட்டுவிட்டுச் சுற்று ரோட்டில் வரலாம். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போவதால், பலம் குறைந்தது குறைந்தவருக்கே தெரியாது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் கட்டிலின் ஓரத்துக்கு மாறியிருப்பார். கேட்டால் "குளிருதுப்பா" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை, கொடைக்கானல் தரை குளிரத்தான் செய்யும்.

முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது என்பது பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தசை குறைவதைவிட வேகமாகப் பலம் குறையும். அதைவிட வேகமாகக் குறைவது, சட்டென்று விசை கொடுக்கும் திறன். பாசி பிடித்த படியில் கால் வழுக்கினால் மறு காலை ஒரு நொடிக்குள் எடுத்து வைத்துத் தாங்க வேண்டுமே, அதற்கு வேண்டியது இந்தத் திறன்தான். நடந்துகொண்டே இருப்பதால் மட்டும் இது நிற்காது.

அதனால் அளக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் காலை மாட்டித் தள்ளச் சொல்லி அளக்கும் மெஷின்கள் உண்டு, நமக்கு அவை தேவையில்லை. ஒரு நாற்காலி, கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச், ஒரு இஞ்ச் டேப், சுண்ணாம்புக்கட்டி, நோட்டு, பக்கத்தில் நிற்க ஒரு ஆள் போதும்.

முதலில் யார் செய்யக்கூடாது என்று பார்த்துவிடலாம். நெஞ்சுவலி வருகிறவர்கள், எழுந்தால் தலை சுற்றுகிறவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், சமீபத்தில் இடுப்பிலோ முட்டியிலோ கண்ணிலோ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கடந்த சில மாதங்களில் விழுந்து அடிபட்டவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். செய்துகொண்டிருக்கும்போது வலியோ மூச்சுத் திணறலோ கிறுகிறுப்போ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், "இன்னும் ரெண்டு தடவைதானே" என்று இழுக்க வேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் வேலை எண்ணுவது மட்டுமில்லை, விழுந்தால் பிடிப்பதும்தான். ஆகவே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நிற்கிற பேரனை இதற்கு வைக்காதீர்கள்.

நேரம் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்குச் சால்வையோடு எழுந்து வந்தவரை உட்கார்ந்து எழச் சொன்னால் எண் குறைவாகத்தான் வரும், குளிர்ந்த தசை மெதுவாக வேலை செய்யும். வெயில் வந்த பிறகு, பதினொரு மணி வாக்கில், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, வீட்டுக்குள் ஐந்து நிமிஷம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு செய்யுங்கள். முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ பெரிய இறக்கம் இறங்கியிருந்தால், உதாரணமாக வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வரைக்கும் போய் வந்திருந்தால், மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். அந்த வலியோடு எடுக்கிற எண் உங்கள் பலத்தைச் சொல்லாது.

நாற்காலி: 30 விநாடி

ஒரே ஒரு சோதனைதான் செய்வேன் என்கிறவர்கள் இதைச் செய்யுங்கள், மற்றதை விட்டாலும் பரவாயில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ராபர்ட்டா ரிக்லி, ஜெசி ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களில் முதியோருக்கென்று உருவாக்கிய சோதனைத் தொகுப்பில் இது ஒன்று. அறுபது முதல் தொண்ணூற்று நான்கு வயது வரையிலான 7,000க்கும் மேற்பட்டவர்களை அளந்து, வயதுவாரியாக இயல்பான எண் எது என்று வகுத்தார்கள்.

கை வைக்காத நாற்காலியாக எடுங்கள். உட்காரும் உயரம் 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்தே பாருங்கள். வீட்டில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலிகள் ஏறக்குறைய இந்த உயரம் வரும், ஆனால் பழசானது உட்கார்ந்ததும் நடுவில் குழியும், கால்கள் விரியும். மரநாற்காலி இருந்தால் அதுவே நல்லது. முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அடியில் பாய், கம்பளம் எதுவும் வேண்டாம்.

காலில் என்ன என்பதும் ஒரு விஷயம். இங்கே பாதிப்பேர் வீட்டுக்குள் கம்பளிச் சாக்ஸோடுதான் நடமாடுகிறோம், சிமெண்டுத் தரையில் அது வழுக்கும். ரப்பர் செருப்போ எழும்போது குதிகாலை விட்டு நழுவும். தட்டையான ஷூ போடுங்கள், இல்லாவிட்டால் வெறுங்கால். சேலை கட்டியிருப்பவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டால் கால் மாட்டாது. சால்வையைக் கழற்றிவிட வேண்டும், குளிருகிறது என்று பிடிவாதம் பிடித்தாலும்தான், ஏனென்றால் சால்வைக்குள் கை என்ன செய்கிறது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது.

நாற்காலியின் நடுவில் உட்காருங்கள், முதுகு சாயக்கூடாது. பாதம் இரண்டும் தோள் அகலத்துக்கு, முட்டிக்குச் சற்றே பின்னால் இருக்கட்டும். கைகளை மணிக்கட்டில் குறுக்கே வைத்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை எழுந்து உட்கார்ந்து பழகிப் பாருங்கள். அப்புறம் ஒரு நிமிஷம் ஓய்வு. "ஆரம்பி" என்றதும் முழுதாக நிமிர்ந்து எழ வேண்டும், முழுதாக உட்கார வேண்டும், 30 விநாடி முடியும்வரை இதையே செய்ய வேண்டும். எழுந்து நின்ற தடவைகளை மட்டும் எண்ணுங்கள். நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். இந்த விதியைக் கேட்டதும் எல்லோருக்கும் கோபம் வரும். தொடையில் லேசாகத் தட்டி எழுவதும் கை ஊன்றுவதுதான். பூஜ்யம் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் "கை ஊன்றி இத்தனை" என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், முதியோர் விழுவதைத் தடுக்கும் திட்டத்துக்காக இந்தச் சோதனைக்கு எல்லைகள் வைத்திருக்கிறது. கீழே உள்ள எண்ணைவிடக் குறைந்தால் அந்த வயதுக்குச் சராசரிக்குக் கீழே என்று பொருள்:

60–64 வயது: ஆண் 14, பெண் 12
65–69: ஆண் 12, பெண் 11
70–74: ஆண் 12, பெண் 10
75–79: ஆண் 11, பெண் 10
80–84: ஆண் 10, பெண் 9
85–89: இருவருக்கும் 8

இவை அமெரிக்கர்களை அளந்து வந்த எண்கள். நம் ஊர் ஆட்களின் உயரமும் எடையும் வேறு, 17 அங்குல நாற்காலி ஐந்தடிக்குக் குறைவான ஒரு பாட்டிக்கு ஸ்டூல் மாதிரி உயரமாகவே இருக்கும், அவருக்கு எழுவது சுலபம். நேர்மாறாக ஆறடி ஆளுக்கு அது தாழ்வு. அதனால் ஒன்று கூடிவிட்டது, ஒன்று குறைந்துவிட்டது என்று அட்டவணையை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். உங்களுக்கு உண்மையில் பயன்படப்போவது, அதே நாற்காலியில் மூன்று மாதம் முன்னால் நீங்களே எடுத்த எண்.

இதன் தம்பி ஒன்று உண்டு: ஐந்து முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. ஆசியாவுக்கான தசைக்குறைவு ஆய்வுக்குழு 2019இல் வைத்த எல்லை, 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும் என்பது. ஐரோப்பியக் குழு 15 விநாடிக்கு மேல் என்று வைத்திருக்கிறது. முப்பது விநாடி தாக்குப்பிடிக்க முடியாதவர்களுக்கு இது வசதி. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இரண்டாவது கெட்டுப்போகும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நடை

மலையில் சமதளம் கிடைப்பதே பெரிய பாடு. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் முற்றம்கூட மழைத்தண்ணீர் ஓட ஒரு பக்கம் சாய்த்துப் போடப்பட்டிருக்கும். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பாருங்கள், உருண்டால் அந்த இடம் வேண்டாம். பள்ளிக்கூட வராண்டா, சமுதாயக்கூடம், வீட்டின் நீளமான கூடம் இவை சரிப்படும். ஏரியைச் சுற்றிப் போகும் ஐந்து கிலோமீட்டர் ரோடு பெரும்பாலும் சமதளம்தான், ஆனால் சீசனில் அங்கே சைக்கிளுக்கும் குதிரைக்கும் நடுவில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நிற்க முடியாது.

ஆறு மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். கிட்டத்தட்ட இருபது அடி. முதல் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே நடக்க ஆரம்பித்து, கடைசிக் கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் போய் நிற்க வேண்டும். கோட்டுக்குக் கோடு ஆகும் நேரத்தை மட்டும் எடுங்கள். வழக்கமான நடை, கடைக்குப் போகிற நடை. சோதனை என்று தெரிந்ததும் நம்மவர்கள் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுவார்கள், அதனால் இரண்டு மூன்று தடவை நடக்கவிட்டுச் சராசரி எடுங்கள். ஆறு மீட்டருக்கு ஆறு விநாடிக்கு மேல் ஆனால், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போனால், ஆசியக் குழுவின் கணக்கில் அது மெதுநடை. விநாடிக்கு 0.1 மீட்டர் மாறினால்கூட அது பெரிய மாற்றம்தான்.

இதோடு ஒன்று சேர்த்துச் செய்யலாம்: நாற்காலியில் இருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, கோட்டில் திரும்பி, வந்து உட்காருவது. 1991இல் இருந்து புழக்கத்தில் இருக்கும் சோதனை இது. இதற்குக் கை வைத்த நாற்காலி பரவாயில்லை, கைத்தடி பிடிக்கிறவர் தடியோடே நடக்கலாம், நோட்டில் தடி என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு. நேரத்தைவிட நான் பார்க்கச் சொல்வது திரும்பும் இடத்தை. நல்ல காலுள்ளவர் இரண்டு மூன்று எட்டில் திரும்பிவிடுவார். பலமும் சமநிலையும் குறைந்தவர் சின்னச் சின்ன எட்டாக எடுத்து வைத்து, சுவர் இருக்கும் பக்கமாகக் கை நீட்டித் திரும்புவார். திரும்பி வந்ததும் நாற்காலியைப் பார்க்காமல் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால், அதையும் எழுதுங்கள். மெதுவாக உட்காரவும் காலில் பலம் வேண்டும்.

நிற்பது

சமையல் மேடை ஓரத்தில் செய்யுங்கள், கை எட்டும் தூரத்தில் பிடி இருக்கட்டும். நான்கு நிலை, ஒவ்வொன்றும் 10 விநாடி: பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்பது, ஒரு பாதத்தின் நடுப்பகுதியில் மறு பாதத்தின் பெருவிரல் படும்படி நிற்பது, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் தொட்டு ஒரே கோட்டில் நிற்பது, கடைசியாக ஒற்றைக்காலில். மூன்றாவதில் 10 விநாடி தாங்காவிட்டால் விழும் வாய்ப்பு கூடுதல். அந்த நிலையிலேயே நிறுத்திவிடுங்கள், நான்காவதுக்குப் போக வேண்டாம்.

ஒற்றைக்கால் விஷயத்தில் வாட்ஸ்ஆப் செய்கிற அட்டகாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. பத்து விநாடி நிற்க முடியாதவர்களுக்கு ஆயுள் ஏழு வருஷம்தான் என்று பயமுறுத்தும் செய்திகளின் மூலம், பிரேசிலில் கிளாடியோ கில் அராஜோ குழுவினர் செய்து 2022இல் வெளியான ஆய்வு. 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை நிற்கச் சொல்லி, பிறகு ஏழு வருஷம் போலக் கவனித்தார்கள். நிற்க முடிந்தவர்களில் 4.6 சதவீதமும் முடியாதவர்களில் 17.5 சதவீதமும் அந்தக் காலத்தில் இறந்திருந்தார்கள். இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முடியாதவர்களிலும் எண்பது சதவீதத்துக்கு மேல் உயிரோடுதான் இருந்தார்கள், அவர்கள் ஆரம்பத்திலேயே வயதில் மூத்தவர்கள், சர்க்கரை போன்ற நோய்கள் அதிகம் உள்ளவர்கள். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மிஞ்சியது உண்மை. ஆனால் அது ஒரு எச்சரிக்கை, ஜாதகம் இல்லை.

அதே அராஜோவின் இன்னொரு சோதனை நமக்கு நன்றாகப் பொருந்தும்: தரையில் உட்கார்ந்து எழுவது. உட்கார 5 மதிப்பெண், எழ 5. கை, முட்டி, முழங்கை, காலின் பக்கவாட்டு என்று எதைத் தரையில் ஊன்றினாலும் தடவைக்கு 1 குறைக்க வேண்டும், முட்டியில் கை வைத்து எழுந்தாலும் 1 போகும், தள்ளாடினால் அரை. சம்மணம் போட்டு வளர்ந்த எழுபது வயதுக்காரர்கள் சிலர் இதில் நாற்பது வயது மகனைத் தோற்கடிப்பார்கள், அந்த வேடிக்கைக்காகவே குடும்பத்தோடு செய்யலாம். முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், அங்கே வலிதான் எண்ணைத் தீர்மானிக்கும், பலம் இல்லை.

படி

இது மலைக்காரர்களுக்கு. மேலே சொன்னதெல்லாம் சமதளத்துக்கு எழுதப்பட்டவை, நம் வாழ்க்கை படியில். வீட்டுக்குள் இருக்கும் படியோ நன்றாக உலர்ந்த, கைப்பிடிக் கம்பி உள்ள வெளிப்படியோ பத்துப் பன்னிரண்டு படிகள் போதும். மழைக்காலத்துப் படி, மூடுபனி இறங்கிய நேரத்துப் படி வேண்டவே வேண்டாம்.

ஒரு படியின் உயரத்தை அளந்து படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 16 சென்டிமீட்டர், 12 படி என்றால் 1.92 மீட்டர். பத்திரமாக, ஆனால் முடிந்த வேகத்தில் ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். கம்பியைத் தொட்டுக்கொள்ளலாம், இழுக்கக்கூடாது. உடல் எடையை 9.8ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, விநாடியால் வகுத்தால் வாட் கணக்கில் உங்கள் கால் கொடுத்த விசைத்திறன் வந்துவிடும். 60 கிலோ ஆள் 8 விநாடியில் ஏறினால் சுமார் 141 வாட்.

நேரத்தை மட்டும் எழுதினால் போதாதா, இந்தப் பெருக்கல் எதற்கு என்று கேட்கலாம். எடை மாறுவதால்தான். காய்ச்சலில் படுத்து ஐந்து கிலோ இளைத்தவர், தூக்க வேண்டிய பாரம் குறைந்ததால் அதே 8 விநாடியில் ஏறிவிடுவார், ஆளைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். கணக்குப் போட்டால் 129 வாட் என்று வரும். இளைத்ததில் கொழுப்போடு தசையும் போயிருக்கலாம் என்று அந்த எண் எச்சரிக்கும்.

ஏறுவதை அளந்தாயிற்று, இறங்குவதை அளக்காதீர்கள், பாருங்கள். வேகமாக இறங்கச் சொல்வது விழச் சொல்வதற்குச் சமம். கீழே நின்றுகொண்டு, அம்மாவோ மாமனாரோ வழக்கம்போல் இறங்குவதைக் கவனித்தால் போதும். ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி வைக்கிறாரா, இல்லை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறாரா? எப்போதும் வலது காலையேதான் முதலில் இறக்குகிறார் என்றால், மேலே நின்று உடம்பைத் தாங்கும் இடது கால்தான் அவர் நம்புகிற கால். உடம்பைக் கம்பிப் பக்கம் திருப்பிக்கொண்டு நண்டு நடை இறங்குகிறாரா? பாதம் மெதுவாகப் பதிகிறதா, தொப்பென்று விழுகிறதா? நான் பார்த்தவரையில் மலையில் வாழ்கிறவர்களுக்குப் பலக்குறைவு முதலில் தெரிவது இந்த இறக்கத்தில்தான், ஏற்றத்தில் அவர்கள் இன்னும் பத்து வருஷம் சமாளித்துவிடுவார்கள்.

கெண்டைக்காலுக்கு ஒரு சின்ன வேலை. உட்கார்ந்தபடி, இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். ஜப்பானில் முதியோருக்குச் சொல்லித்தரும் முறை இது. விரல்கள் ஒன்றையொன்று தொடவே முடியாவிட்டால் நல்லது, தொட்ட பிறகும் வளையத்துக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் தசை குறைவாக இருக்கலாம். டேப் வைத்து அளந்தால் ஆணுக்கு 34 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 33, அதற்குக் கீழே போனால் கவனிக்கச் சொல்கிறது ஆசியக் குழு. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொய் சொல்லும்.

ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் சோதனையை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கொடைக்கானல் கடல்மட்டத்தில் இருந்து ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே முதலில் களைப்பது நுரையீரலா காலா என்று வீட்டில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாது. மலையடிவாரத்து வத்தலக்குண்டில் இருந்து வந்து இரண்டு நாள் ஆன அப்பாவுக்கு மூச்சு வாங்கினால், அதற்குக் காலைக் குறை சொல்லக்கூடாது.

நோட்டு

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து ஆளை அசத்திவிடாதீர்கள். நாற்காலி, நடை, நிற்பது ஒரு நாள். படி இன்னொரு நாள். நோட்டில் தேதி, நேரம், எந்த நாற்காலி, காலில் என்ன, எடை, எண், அப்புறம் கண்ணில் பட்டது ஒரு வரி. "ஏழாவதுக்கு மேல் இடது பக்கம் சாய்ந்தார்" என்கிற மாதிரி வரிகள் எண்ணைவிட அதிகம் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி முதல் வாரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வாரா வாரம் செய்தால் பலம் கூடுவதற்கு முன் பழக்கத்தில் எண் கூடிவிடும், பெரியவர்களுக்கும் சலித்துப்போகும்.

முதல் முறை எடுத்த எண்ணை நம்பாதீர்கள். எப்படிச் செய்வது என்று புரிந்ததாலேயே இரண்டாவது முறை ஒன்றிரண்டு கூடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்து, அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நாற்காலிக் கணக்கில் ஒன்று ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு மூன்று குறைந்து, அடுத்த முறையும் அப்படியே இருந்தால்தான் விஷயம்.

பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பது தனிக் கலை. "உங்களுக்குப் பலம் இருக்கான்னு பாக்கணும் மாமா" என்று ஆரம்பித்தால் அன்றோடு கதை முடிந்தது. நீங்கள் முதலில் செய்து உங்கள் எண்ணை எழுதிவிட்டு, "உங்களுக்கு எவ்வளவு வருதுன்னு பாப்போமா" என்று கேளுங்கள். கீழே விழுந்ததை மறைக்கிறவர்களும் உண்டு, "வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்" என்பார்கள். போன ஒரு வருஷத்தில் எத்தனை தடவை வழுக்கியது என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

எண் குறைவாக இருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை என்றால் மருந்தும் அதே நாற்காலிதான். வாரத்தில் மூன்று நாள், எட்டுப் பத்துத் தடவை மெதுவாக உட்கார்ந்து எழுவது, ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. முடியாதவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி ஆரம்பிக்கலாம், பலம் ஏற ஏறத் தலையணையை எடுத்துவிடலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, கடைசிப் படியில் ஏறி மெதுவாக இறங்குவது இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, சுண்டல், தயிர் இருக்கட்டும். எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் முதியோருக்கு வேண்டும், ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்கிற பாட்டிகளுக்கு அது கிடைப்பதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கூட்ட வேண்டும். எண்பதைத் தாண்டியவர்களுக்கும் பயிற்சியால் பலம் கூடும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? ஒரு காலில் மட்டும் பலம் குறைந்தால், பாதம் மரத்துப்போனால், எழும்போது கண் இருட்டினால், எண்ணோடு எடையும் சேர்ந்து குறைந்தால், போன முறை செய்ததை இந்த முறை செய்யவே முடியாவிட்டால். திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தால் நோட்டெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே 108தான். மற்றபடி சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு, வைட்டமின் டி, பி12 குறைவு, தைராய்டு, சாப்பிடும் சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கவும் இடம் இருக்கிறது, நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகள் விசாரித்துப் பார்க்கலாம். போகும்போது மாத்திரைச் சீட்டோடு இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், "கால் தளர்ச்சியா இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட, தையில் பதினொன்று எழுந்தவர் ஆடியில் ஏழுதான் எழுந்தார் என்று காட்டினால் டாக்டருக்கு வேலை பாதி முடிந்தது.